இருபத்தேழு விமானங்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். 2025 ஜனவரியில் அமெரிக்க விமானப்படை, புதிய வீரர்களுக்கான பயிற்சியிலிருந்து இரண்டாம் உலகப்போர்க் காலத்து டஸ்கீகி விமானிகள், ‘வாஸ்ப்’ என்ற அமைப்பின் பெண் விமானிகள் பற்றிய காணொளிகளை எடுத்துவிட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் திரும்பச் சேர்த்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதன்பின் நானும் தேடிப் படித்தேன். இரண்டாம் உலகப்போரில் டஸ்கீகி கறுப்பின விமானிகள் தங்கள் காவலில் போன குண்டுவீச்சு விமானம் ஒன்றைக்கூடப் பறிகொடுக்கவில்லை என்பது காலங்காலமாகச் சொல்லப்பட்ட பெருமை. அது உண்மையில்லையாம். 27 விமானங்கள் போயிருக்கின்றன. அப்படியானால் அவர்கள் புகழ் ஊதிப் பெருக்கியதுதானா? என் மகள் விமானியாகும் ஆசையில் இந்திய விமானப்படையின் நுழைவுத் தேர்வான ஏஎஃப்கேட்டுக்குப் படிக்கிறாள். “பொம்பளப் பிள்ளதானே, சலுகை குடுத்து எடுத்துக்குவாங்க” என்கிறார் என் மைத்துனர். தகுதியை மட்டும் பார்க்க வேண்டும் என்று நினைப்பவன் நான். அது தவறா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தவறே இல்லை. நானும் அந்தக் கட்சிதான். 27 சரியான எண். விமானப்படையின் வரலாற்றாய்வாளர் டேனியல் ஹால்மன் பழைய பறப்புப் பதிவுகளையும் இழப்பு அறிக்கைகளையும் ஒப்பிட்டுக் கண்டறிந்தது அது. ஆனால் அவரே சொன்ன இன்னொரு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அதே பதினைந்தாவது விமானப்படையில், இத்தாலியிலிருந்து கிளம்பி அதே காவல் வேலை பார்த்த மற்றக் குழுக்களின் சராசரி இழப்பு 46.

ஒன்றைக்கூட இழக்கவில்லை என்ற கதை 1945 மார்ச்சிலேயே பத்திரிகையில் வந்துவிட்டது. அது ஏன் தேவைப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். வெள்ளையர் குழு 46 இழந்தால் போரில் அப்படித்தான் என்பார்கள். கறுப்பினக் குழு ஒன்று இழந்தால் அது இனத்தின் குறையாகிவிடும். அப்படிப்பட்டவர்கள் முன்னால் “நன்றாகச் செய்தோம்” என்பது எடுபடாது. பிழையே செய்யவில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. பிழையே செய்யாதவனை மட்டும்தான் சமமாக நடத்துவேன் என்பது தகுதி பார்ப்பது ஆகாது. என் வருத்தமெல்லாம் இதில்தான்.

பின்னாளில் டஸ்கீகி விமானிகளுக்குத் தலைமை வகித்த கறுப்பினத்தவர் பெஞ்சமின் டேவிஸ் ஜூனியர் 1932-ல் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் சேர்ந்தார். நான்கு ஆண்டுகள் சக மாணவர்கள் அவரிடம் கடமைக்கான பேச்சைத் தவிர வேறு பேச்சே பேசவில்லை. அறையில் தனியாள். சாப்பாட்டு மேசையில் சுற்றிலும் ஆட்கள் இருந்தும் தனியாள். அவரை வெளியேற வைக்கத்தான் இத்தனையும். அவர் போகவில்லை. 1936-ல் 276 பேரில் 35-வதாகத் தேறி, விமானப் பிரிவு கேட்டு விண்ணப்பித்தார். கறுப்பினத்தவருக்கு அங்கே படைப்பிரிவு இல்லை என்று மறுத்துவிட்டார்கள். 35-வது இடத்தில் வந்தவரைத் திருப்பி அனுப்பிய அன்று தகுதியைப் பற்றி யாருக்கும் கவலை இருக்கவில்லை.

1941-ல் அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் கறுப்பினத்தவருக்கென்று தனியாகப் பயிற்சி தொடங்கியது. முதல் வகுப்பில் சேர்ந்தவர்கள் 13 பேர். 1942 மார்ச்சில் தேறியவர்கள் 5 பேர், அதில் ஒருவர் டேவிஸ். சலுகை கொடுத்துத் தள்ளிவிட்ட வகுப்பில் பாதிக்கு மேல் ஆள் கழியாது.

அவர் தலைமையில் 99-வது ஸ்குவாட்ரன் 1943-ல் வட ஆப்பிரிக்காவுக்குப் போனது. புதுப் பிரிவுகளில் சண்டை பார்த்த சிலரைக் கலந்து அனுப்புவார்கள். இவர்களில் அப்படி ஒருவர்கூட இல்லை. சில மாதங்களிலேயே, இவர்களுக்குப் போர்க்குணம் போதாது, முன்னணியிலிருந்து விலக்குங்கள் என்று இவர்களின் மேலதிகாரி கர்னல் வில்லியம் மோமயர் அறிக்கை அனுப்பினார். டேவிஸ் வாஷிங்டனுக்கு வந்து விசாரணைக் குழுவின் முன் நின்று பதில் சொன்னார். பிறகு ராணுவமே மத்தியதரைக்கடல் பகுதியில் அதே பி-40 போர்விமானம் ஓட்டிய மற்றப் பிரிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தது. சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் இல்லை. அதற்கிடையில் 1944 ஜனவரி 27, 28 ஆகிய இரண்டே நாட்களில் இத்தாலியின் ஆன்சியோ கடற்கரைக்கு மேலே பத்துக்கும் அதிகமான ஜெர்மானிய விமானங்களை 99-வது வீழ்த்தியிருந்தது.

ஒரே அளவுகோலை எல்லோர் முன்னாலும் வைத்து அளந்ததும் உண்டு. 1949 மே மாதம் லாஸ் வேகாஸில் விமானப்படை நடத்திய, விமானத்திலிருந்து குறிபார்த்துச் சுடும் போட்டியில், உந்துசுழலி விமானப் பிரிவில் வென்றது டேவிஸ் தலைமையில் டஸ்கீகி விமானிகள் இருந்த 332-வது குழு. அந்தக் கோப்பை பல பத்தாண்டுகள் கண்ணில் படவில்லை. விமானப்படை இதழின் ஆண்டுப் பட்டியலில் 1949-க்கு நேரே ‘வென்றவர் தெரியவில்லை’ என்றே வருடக்கணக்கில் அச்சாகிக்கொண்டிருந்தது. 2004-ல்தான் அருங்காட்சியகக் கிடங்கில் கோப்பை கிடைத்தது. புகழை ஊதிப் பெருக்கினார்களா என்று கேட்டீர்கள். இவர்கள் ஜெயித்ததையே எழுதாமல் விட்டிருக்கிறார்கள்.

வாஸ்ப் பெண்கள் விஷயத்துக்கு வருகிறேன். 1944-ல் பி-29 புதிய குண்டுவீச்சு விமானம், எஞ்சின் தீப்பிடிக்கும் என்று கெட்ட பெயர். ஆண் விமானிகள் தயங்கினார்கள். விமானப்படை அதிகாரி பால் டிபெட்ஸ், நான்கு எஞ்சின் விமானத்தை அதுவரை தொட்டிராத டோரா டவுகெர்ட்டி, டோரதியா ஜான்சன் என்ற இரண்டு பெண்களுக்கு மூன்றே நாள் பயிற்சி கொடுத்து, அதை ஓட்டிக்காட்டச் செய்தார். ஓட்டினார்கள். ஆண்களின் தயக்கம் தீர்ந்தது. உடனே பெண்களை நிறுத்தச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. பெண்ணே ஓட்டுகிறாள், உனக்கென்ன என்று ஆண்களுக்கு உறைக்க வைக்கத்தான் அவர்கள் தேவைப்பட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் அமைப்பையே கலைத்துவிட்டார்கள். பயிற்சியில் தேறியவர்கள் 1,074 பேர், இறந்தவர்கள் 38 பேர். ராணுவத்தினர் இல்லை என்பதால் சவப்பெட்டியை ஊருக்கு அனுப்ப அரசு பணம் தரவில்லை. தோழிகள் வசூல் செய்து அனுப்பினார்கள். இதை எப்போது நினைத்தாலும் எனக்கு மனசு ஆறுவதில்லை. முன்னாள் படைவீரர் என்ற தகுதி 1977-ல்தான் கிடைத்தது.

உங்கள் மைத்துனருக்கு நம் ஊர்க் கணக்கே போதும். விமானி பிரிவுக்குக் குறைந்தபட்ச உயரம் 162.5 செ.மீ., ஆணுக்கும் அதே, பெண்ணுக்கும் அதே. உட்கார்ந்த உயரம், கால் நீளம், தொடை நீளம் எல்லாம் அளப்பார்கள், ஏனென்றால் விமானி அறையின் அளவு யாருக்காகவும் மாறாது. விமானித் திறனறி சோதனையான சிபிஎஸ்எஸ் வாழ்நாளில் ஒரே ஒரு முறை. தவறினால் மறு வாய்ப்பு யாருக்கும் இல்லை. 2016-ல் ஹைதராபாத் அருகே துண்டிகல் விமானப்படைப் பயிற்சிக் கழகத்தில் அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் மூவரும் முதல் பெண் போர்விமானிகளாகப் பதவியேற்றார்கள். 2018-ல் அவனி தனியாக ஓட்டிய மிக்-21 மணிக்கு சுமார் 340 கி.மீ. வேகத்தில் தரையிறங்கும் விமானம். அதைப் பத்திரமாக இறக்க வேண்டியது ஓட்டுகிறவர் கைதான், அதில் யார் என்ன சலுகை தர முடியும்?

மகளிடம் 27-ஐ மறைக்காமல் சொல்லுங்கள், 46-ஐயும் சேர்த்துச் சொல்லுங்கள். பயிற்சியில் அவளும் தப்புச் செய்வாள், கூடப் படிக்கும் பையன்களும் செய்வார்கள். எழுத்துத் தேர்வு முடிந்ததும் நேர்காணல் வாரியம் மைசூருவா, டேராடூனா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்.