கார்த்தஹேனாவில் வீடெடுத்துத் தங்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

விடுமுறை நெருங்குவதால் கொலம்பியாவின் கரீபியக் கரையிலுள்ள கார்த்தஹேனாவைப் பற்றிக் கேள்விகள் குவிகின்றன. ஹோட்டல் அறை வேண்டாம், குடும்பத்தோடு தங்க வில்லா வேண்டும் என்பவர்களே அதிகம். பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன்.

கே: பழைய நகரத்தைச் சுற்றியுள்ள கோட்டைச் சுவருக்குள் வில்லா எடுத்தால் நீலக் கடலுக்கு நடந்தே போய்விடலாமா? (டொராண்டோ வாசகி)

கடலுக்கு நடந்து போகலாம். நீலக் கடலுக்குப் போக முடியாது. நகரத்தை ஒட்டிய கரையில் மணல் சாம்பல் நிறம், தண்ணீர் கலங்கல். மக்தலேனா ஆற்றை விரிகுடாவோடு இணைக்க ஸ்பானியர் 1650-இல் வெட்டிய தீக்கே கால்வாய் இன்றும் வண்டலைக் கொண்டுவந்து கொட்டுவது அதற்கு ஒரு காரணம். விளம்பரப் படங்களில் நீங்கள் பார்க்கும் நீலம் ரொசாரியோ தீவுகளுடையது. லா போதெகீத்தா படகுத்துறையிலிருந்து காலையில் கிளம்பும் படகுகள் பிற்பகலிலேயே திரும்பிவிடும். பொழுது ஏற ஏறக் காற்று வலுத்து அலை முரடாகிவிடும். டிசம்பர் முதல் மார்ச் வரை இது இன்னும் கடுமை. முதுகுவலிக்காரர்கள் படகின் முன்வரிசையில் உட்காரவே வேண்டாம்.

ஐந்து இரவு என்றால் மூன்றை நகரத்துக்கும் இரண்டைத் தீவுக்கும் ஒதுக்குங்கள். நகரத்து வீட்டை வீட்டுக்காக எடுங்கள், கடலுக்காக எடுக்காதீர்கள்.

கே: எழுபது வயதைத் தாண்டிய பெற்றோரும் இரண்டு குழந்தைகளும் வருகிறார்கள். அப்பாவுக்கு முழங்கால் வலி. எந்தப் பகுதியில், எப்படிப்பட்ட வீடு பார்ப்பது? (டல்லாஸ்)

வந்தவற்றில் மிக முக்கியமான கேள்வி இதுதான். வணிகர்கள் கட்டிய பழைய மாடி வீடுகளில் தரைத்தளம் கடைக்கும் கிடங்குக்கும், தாழ்ந்த இடைத்தட்டு பணியாட்களுக்கும் அடிமைகளுக்கும், காற்றோட்டமான மேல்மாடி குடும்பத்துக்கும் என்று ஒதுக்கப்பட்டிருந்தது. அவற்றை வில்லாவாக்கிய பிறகும் நல்ல படுக்கையறைகள் மேலேதான் இருக்கின்றன. படிகள் உயரம், லிஃப்ட் அபூர்வம். மொட்டைமாடிக் குளத்துக்குச் சுழல்படி ஏற வேண்டிய வீடுகளும் உண்டு. அப்பா தங்கும் நாளெல்லாம் முற்றத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதாகிவிடும்.

எனவே ‘காசா பாஹா’ என்று கேளுங்கள். ஒரே தளத்து வீடு: பெரிய மரக்கதவு, நடை, முற்றம், அதைச் சுற்றி அறைகள். கிடைக்காவிட்டால் கீழ்த்தளத்தில் குளியலறையோடு ஓர் அறையாவது வேண்டும். வாசலிலிருந்து அந்த அறைவரை நடந்தபடி ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். புகைப்படத்தில் படிகள் தெரியாது. முற்றத்துக் குளத்தைச் சுற்றித் தடுப்பு பெரும்பாலும் இருக்காது என்பதால் குழந்தைகள் விஷயத்தில் கவனம் தேவை.

பகுதி என்றால் என் ஓட்டு சான் தியேகோவுக்கு. சுவருக்குள்ளேதான் இருக்கிறது, நகர மையமான சென்ட்ரோவைவிட அமைதி. ஹெத்செமனி எனக்குப் பிடித்த பேட்டை. ஆனால் அங்குள்ள திரினிதாத் சதுக்கத்தில் பாட்டும் கூத்தும் நள்ளிரவைத் தாண்டும். பெரியவர்களோடு போனால் சாயங்காலம் சுற்றிவிட்டு வருவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சுவருக்கு வெளியே கடலோரமாக உள்ள போக்காகிராந்தேயில் லிஃப்ட் உண்டு, கடல் எதிரில் உண்டு. ஆனால் அது அடுக்குமாடிகளின் ஊர். அதற்காகவா இவ்வளவு தூரம் வருவது?

பழைய நகரத்தில் ஒரே தெருவுக்குக் கட்டத்துக்குக் கட்டம் பெயர் மாறும். டாக்ஸியில் ஏறும்போது தெருப்பெயரோடு பக்கத்துச் சதுக்கத்தின் பெயரையும் சொல்லுங்கள். மீட்டர் கிடையாது, கட்டணத்தை முதலிலேயே பேசிவிடுங்கள்.

கே: நவம்பரில் வாடகை நன்றாகக் குறைகிறதே, பதிவு செய்துவிடலாமா?

குறைவதற்குக் காரணம் இருக்கிறது. அக்டோபரும் நவம்பரும் மழை மாதங்கள். ஓதம் ஏறும் நாட்களில் போக்காகிராந்தே, மங்கா பகுதிகளின் தெருக்களில் கடல்நீர் ஏறிவிடும். 2020 நவம்பரில் அயோட்டா புயல் நேரடியாகத் தாக்காமலேயே நகரின் பெரும்பகுதியை வெள்ளக்காடாக்கியது. போதாக்குறைக்கு நவம்பர் 11, 1811-இல் கார்த்தஹேனா சுதந்திரம் அறிவித்த நாள். அதையொட்டிய விழாவில் வெடிச்சத்தமும் முகத்தில் நுரை பீய்ச்சுவதும் நாள்கணக்கில் நடக்கும். அது பிடித்தால் தாராளமாக வாருங்கள். பிடிக்காதென்றால் ஜனவரிப் பிற்பாதி அல்லது பிப்ரவரி. கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை வாடகை உச்சத்தில் இருக்கும். குறைந்தது இத்தனை இரவு தங்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்து வரும்.

கே: நாங்கள் சுத்த சைவம். சமையல்காரரோடு வில்லா கிடைக்கும் என்கிறார்கள். சமாளிக்க முடியுமா? மிக்ஸி கொண்டுவரலாமா? (சென்னை)

மிக்ஸியை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். அங்கே மின்சாரம் 110 வோல்ட். நம்மூர் மிக்ஸி திணறும். பெருங்காயமும் சாம்பார்ப் பொடியும் போதும்.

மற்றதெல்லாம் அங்கேயே இருக்கிறது. குவாந்தூ என்பது நம் துவரைதான். காராமணியை ஊறவைத்து, தோல் நீக்கி அரைத்து, காலையில் தெருவோரம் வடைபோலப் பொரித்து விற்கிறார்கள். தேங்காய்ச் சோறு அன்றாட உணவு: முதலில் எடுத்த கெட்டித் தேங்காய்ப்பாலை எண்ணெய் பிரிந்து கசடு பழுப்பாகும்வரை காய்ச்சுவார்கள். அந்தக் கசடுக்கு ‘தித்தொத்தே’ என்று பெயர். அதிலேயே அரிசியும் வெல்லமும் உப்பும் போட்டு, மீதித் தேங்காய்ப்பாலில் வேகவைப்பார்கள். வாசனை வீட்டை நிறைக்கும்போது சமையலறைக்கே போய் அந்தக் கசடில் ஒரு விரல் தொட்டுப் பாருங்கள். கடிகாரக் கோபுரத்துக்கு எதிரே உள்ள மிட்டாய்க் கடை வரிசையில் தேங்காய் மிட்டாயும் புளி உருண்டையும் கிடைக்கும்.

சிக்கல் எங்கே என்றால், ‘வெஹெத்தாரியானோ’ என்று சொன்னாலும் சிலர் மீனை வைத்துவிடுவார்கள். பருப்பில் உப்புக்கண்டம் விழும். ‘சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ’ என்று மூன்றையும் பிரித்துச் சொல்லுங்கள்: இறைச்சி, கோழி, மீன் எதுவும் வேண்டாம். சமையல்காரரின் சம்பளம் வாடகையில் அடங்கியிருந்தாலும் மளிகைச் செலவு பெரும்பாலும் நம்முடையது.

கே: இந்தியாவிலிருந்து வருகிறோம். விசா தவிர வேறென்ன?

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று. போகும்போது யாரும் கேட்காமல் போகலாம், திரும்பும்போதுதான் வினை. கொலம்பியாவிலிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள் இந்தியாவில் இறங்குபவரிடம் சான்று இல்லையென்றால் தனிமைப்படுத்த இந்திய விதிகளில் இடமிருக்கிறது. ஊசி போட்டு பத்து நாள் கழித்தே சான்று செல்லும், ஆகவே கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். அறுபது வயதைக் கடந்தவர்கள் மருத்துவரைக் கலந்துகொண்ட பிறகே போட்டுக்கொள்ள வேண்டும். விசா விதிகள் அவ்வப்போது மாறுவதால் டிக்கெட் எடுக்குமுன் கொலம்பிய வெளியுறவு அமைச்சகத்தின் தளத்தைப் பாருங்கள்.

கே: முன்பணம் அனுப்பச் சொல்கிறார்கள். நம்பலாமா?

அங்கே சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் வீட்டுக்குத் தேசியச் சுற்றுலாப் பதிவு எண் கட்டாயம். ‘ஆர்என்டி’ என்று கேட்டால் புரியும். எண் தரத் தயங்கினால் அடுத்த வீட்டைப் பாருங்கள். பாஸ்போர்ட் நகல் கேட்டால் சந்தேகப்பட வேண்டாம். வெளிநாட்டு விருந்தினர் விவரத்தைக் குடிவரவுத் துறைக்குத் தெரிவிப்பது அவர்கள் கடமை. மின்தடைக்கு ஜெனரேட்டர் உண்டா, ஏசி மின்கட்டணம் வாடகையில் சேர்த்தியா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கே: பதினாறு வயதுப் பையன் ‘பழைய கட்டடம் பார்க்க வரமாட்டேன்’ என்கிறான்.

சான் ஃபெலிப்பே கோட்டையின் சுரங்கப் பாதைகளுக்குள் காலை எட்டு மணிக்கே இறக்கிவிடுங்கள். பத்து மணிக்கு மேல் வெயில் தாங்காது. 1741-இல் ஆங்கிலேயத் தளபதி வெர்னன் பெருங்கப்பற்படையோடு இந்த நகரை முற்றுகையிட்டார். வெற்றி உறுதி என்று நம்பி, ஸ்பானியத் தளபதி பிளாஸ் தே லேசோ மண்டியிடுவதுபோல் இங்கிலாந்தில் பதக்கங்களும் அச்சடித்துவிட்டார்கள். ஒரு கண்ணையும் ஒரு காலையும் இழந்து, ஒரு கையும் முடமாகியிருந்த அந்த லேசோவிடம்தான் வெர்னன் தோற்றுத் திரும்பினார்.

அடுத்த நாள் சான் பசீலியோ தே பாலென்கே. தப்பியோடிய ஆப்பிரிக்க அடிமைகள் அமைத்த ஊர், தனக்கென ஒரு மொழியை இன்றும் பேசுகிறது. பழத்தட்டோடு நிற்கும் பெண்களைப் பழைய நகரத்தில் படமெடுக்கிறோமே, அவர்களின் வேர் அங்கேதான். போக வர அரைநாளுக்கு மேல் ஆகும். அந்த ஊர்க்காரர் ஒருவரையே வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். நகரத்தில் அந்தப் பெண்களைப் படமெடுத்தால் கேட்டுவிட்டு எடுங்கள், காசு கொடுங்கள். அது அவர்களின் தொழில்.