வாசகர் கேள்விகள்: கடைவீதி காலியானால் மேயர் என்ன செய்வார்?

அமெரிக்க, கனடிய நகரங்களின் மையப்பகுதிகள், அங்கே டவுன்டவுன் என்று சொல்கிற இடங்கள், ஆளில்லாமல் போவதையும் அவற்றை மீட்க அரசியல் தலைவர்கள் எடுக்கும் முயற்சிகளையும் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கேள்விகளில் சிலவும் ஆசிரியர் குழுவின் பதில்களும் இங்கே.

கே: மாசி வீதிகளில் பண்டிகை இல்லாத நாளிலும் கால் வைக்க இடமிருக்காது. பணக்கார நாட்டில் ஊரின் நடுப்பகுதி எப்படிக் காலியாகும்? (வாசகர், மதுரை)

மாசி வீதிக்கு வர ஆளுக்கொரு காரணம் இருக்கிறது. கோயில், ஜவுளி, பாத்திரக்கடை, மொத்த வியாபாரம். போதாததற்குக் கடைக்கு மேலேயே வீடு. அமெரிக்க டவுன்டவுனுக்குக் கடைசியில் மிஞ்சிய காரணம் ஆபீஸ் ஒன்றுதான். 1956-ல் வந்த நெடுஞ்சாலைச் சட்டத்தின்படி, மாநிலங்களை இணைக்கும் பெருஞ்சாலைகளின் செலவில் 90 சதவீதத்தை மத்திய அரசே ஏற்றது. பல ஊர்களில் அந்தச் சாலை நகரத்தின் நடுவைப் பிளந்துகொண்டு போனது. மக்கள் அதில் ஏறிப் புறநகருக்குக் குடிபோனார்கள். அதே ஆண்டில் மினசோட்டா மாநிலத்தின் ஈடைனாவில், முழுக்க மூடிக் குளிரூட்டிய சௌத்டேல் மால் திறந்தது. வீடு போன வழியே கடையும் போனது.

மிச்சமிருந்த வியாபாரிகள், கார் நிறுத்த இடமில்லாததுதான் குறை என்றார்கள். பக்கத்துக் கட்டடங்களை இடித்து பார்க்கிங் ஆக்கினார்கள். கடைசியில் வந்து பார்க்க ஒன்றுமில்லாத இடத்தில் கார் நிறுத்த மட்டும் தாராளமாக இடம் கிடைத்தது.

கொரோனாவுக்குப் பிறகு ஆபீஸும் ஆட்டம் கண்டுவிட்டது. வாரத்தில் மூன்று நாள் மட்டும் ஊழியர்கள் வந்தால் மதியச் சாப்பாட்டுக் கடைக்கு மூன்று நாள் வியாபாரம்தான். வாடகையோ மாதம் முழுவதற்கும். முதலில் ஷட்டரை இறக்குவது அந்தக் கடைதான்.

கே: மேயர் ஒருவரே நகரத்தைத் தூக்கி நிறுத்திய உதாரணம் உண்டா? (வாசகி, கோயம்புத்தூர்)

மேயர் ஒருவரே என்றால் இல்லை. தான் போன பிறகும் ஓடுகிற ஏற்பாட்டைச் செய்துவிட்டுப் போன மேயர் உண்டு: ஓக்லஹோமா சிட்டியின் ரான் நோரிக். இந்த ஊரின் பழைய மையப்பகுதியை 1964-ல் கட்டடக்கலைஞர் ஐ. எம். பே தந்த திட்டத்தை வைத்துக்கொண்டு ஏராளமாக இடித்திருந்தார்கள். இடித்த வேகத்தில் கட்டவில்லை. 1991-ல் யுனைடெட் ஏர்லைன்ஸின் விமானப் பராமரிப்பு மையத்துக்காகச் சலுகைகளை அள்ளி வைத்து போட்டியிட்டும், அது இண்டியானாபொலிஸுக்குப் போய்விட்டது. சலுகையில் குறையில்லை, ஊழியர்களைக் குடியேறச் சொல்ல ஊர்தான் சரியில்லை என்பது நோரிக்குக்குப் புரிந்தது.

1993 டிசம்பரில் மேப்ஸ் என்ற திட்டத்தை மக்கள் வாக்கெடுப்புக்கு வைத்தார். விற்பனை வரியில் டாலருக்கு ஒரு சென்ட் கூடுதல், ஐந்தே ஆண்டுகளுக்கு. அதில் பேஸ்பால் மைதானம், உள்விளையாட்டு அரங்கம், நூலகம், பழைய கிடங்குப் பகுதியான பிரிக்டவுனில் ஒரு கால்வாய், இசையரங்கச் சீரமைப்பு, ஊரின் ஆற்றில் தண்ணீர் தேக்குவது என ஒன்பது வேலைகள். ஒன்பதுக்கும் சேர்த்து ஒரே வாக்கு. இதில்தான் சூட்சுமம். தனித்தனியாகக் கேட்டால் பேஸ்பால் ரசிகர் நூலகத்துக்கு வேண்டாம் என்பார், நூலகத்துக்காரர் கால்வாயை எதிர்ப்பார். சேர்த்துக் கட்டியதால் 54 சதவீதத்தில் தேறியது.

கடன் வாங்கவில்லை, வரி வசூலாகி, அந்தப் பணத்தில்தான் கட்டினார்கள். செலவைக் கவனிக்க 21 பேர் கொண்ட குடிமக்கள் குழு. கடனில்லாத முறைக்கு ஒரு விலை உண்டு: முதல் நான்கு ஆண்டுகள் ஜனங்கள் வரி கட்டினார்கள், கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. முணுமுணுப்பு வலுத்தது, மதிப்பீடுகளும் எகிறின. மைதானம் திறந்த 1998-ல்தான் நோரிக்கும் பதவியிலிருந்து இறங்கினார். அடுத்து வந்த கிர்க் ஹம்ஃப்ரீஸ், 'அரைகுறையாக விடுவதா, ஆறு மாதம் வரியை நீட்டுவதா' என்று மறுபடி மக்களிடமே போனார். நீட்டினார்கள். வட கனேடியன் ஆறு அதுவரை புல் வெட்டும் இயந்திரம் ஓட்டிப் பராமரித்த ஆறு, அவ்வளவு வறட்சி. மூன்று தடுப்பணைகள் கட்டி ஏழு மைல் தூரம் தண்ணீரைத் தேக்கினார்கள். அதன் கரையில் பிந்தைய மேப்ஸ் பணத்தில் கட்டிய செயற்கை நீரோட்டத்தில்தான் 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கின் கனோ ஸ்லாலம் (பாயும் நீரில் துடுப்புப் படகோட்டும்) போட்டி நடக்கவிருக்கிறது.

வரி 1999-ல் சொன்னபடி நின்றது. நின்றதால்தான் அடுத்த முறை கேட்க வாய் இருந்தது. 2001-ல் பள்ளிகளுக்காக, 2009-ல் மிக் கார்னெட் காலத்தில் 77.7 கோடி டாலருக்காக, 2019-ல் டேவிட் ஹோல்ட் காலத்தில் 97.8 கோடி டாலருக்காக மக்கள் திரும்பத் திரும்ப ஒப்புக்கொண்டார்கள். கடைசி வாக்கெடுப்பில் ஆதரவு ஏறத்தாழ 72 சதவீதம். குறையும் சொல்ல வேண்டும்: விற்பனை வரி ஏழைக்குத்தான் கூடுதல் சுமை, முதல் சுற்றில் பணத்தின் பெரும்பங்கு நகர மையத்துக்கே போனது. 2019 பட்டியலில் மனநல சிகிச்சையும் வீடற்றோருக்கான வீடுகளும் ஏறியது அதற்குப் பிறகுதான்.

கே: அங்கே மேயருக்கு அதிகாரம் இருக்கும். இங்கே எல்லாம் கமிஷனர் கையில். ஒப்பிடலாமா? (வாசகர், சேலம்)

ஓக்லஹோமா சிட்டியிலும் அன்றாட நிர்வாகம் சிட்டி மேனேஜர் என்ற அதிகாரியிடம்தான். மேயருக்கு மன்றத்தில் ஒரு ஓட்டு. ஆனால் அந்த அதிகாரியை நியமிப்பதும் நீக்குவதும் நகர மன்றமே. நம் கமிஷனரை அனுப்புவது மாநில அரசு. அதைவிடப் பெரிய வித்தியாசம் பணம். மக்களிடம் ஓட்டு வாங்கி விற்பனை வரியில் ஒரு சென்ட் ஏற்ற அங்கே முடியும். ஜிஎஸ்டி மேல் ஒரு பைசா வைக்க நம் மாநகராட்சியால் முடியாது. ஆகவே வரியை அப்படியே எடுத்துக்கொள்ள வழியில்லை. முடிவுத் தேதி குறிப்பது, பட்டியலை முன்கூட்டியே வெளியிடுவது, வெளியாட்கள் குழுவிடம் கணக்குக் காட்டுவது ஆகிய மூன்றுக்கும் எந்தச் சட்டமும் இங்கே குறுக்கே நிற்கவில்லை.

கே: சாலையை அகலமாக்காமல் குறுக்கி, கடைவீதியைக் காப்பாற்றினார்களாமே? (வாசகர், திருப்பூர்)

தென் கரோலினாவின் கிரீன்வில். 1971-ல் அங்கே மேயரான மேக்ஸ் ஹெல்லர், நாஜிகளிடமிருந்து தப்பி 1938-ல் வியன்னாவிலிருந்து வந்தவர்; தொழில், சட்டை தைக்கும் ஆலை. (திருப்பூர் வாசகருக்கு இது பிடிக்கும்!) நான்கு தடங்களாக இருந்த மெயின் ஸ்ட்ரீட்டை இரண்டாக்கி, மிச்ச அகலத்தில் நடைபாதை, மரங்கள், சாய்வாக வண்டி நிறுத்தும் இடம் என்று பிரித்தார்கள். வடிவமைத்தவர் லாரன்ஸ் ஹால்பிரின். தெருமுனைக்கு ஆள் வர ஒரு காரணம் வேண்டுமே என்று ஒரு பெரிய ஹோட்டலையும் கொண்டுவந்தார்கள். அது 1982-ல் திறந்தபோது ஹெல்லர் மேயர் இல்லை. 1995-ல் பொறுப்பேற்ற நாக்ஸ் வைட் அடுத்த கட்டத்துக்குப் போனார். ஊர் நடுவே இருந்த அருவியை மறைத்துக்கொண்டு நின்ற கேம்பர்டவுன் பாலத்தை, நன்றாக ஓடிக்கொண்டிருந்த வாகனப் பாலத்தை, 2002-ல் இடித்தார்கள். 'நல்ல பாலத்தை யாராவது இடிப்பார்களா' என்ற எதிர்ப்பு சாதாரணமாக இல்லை. 2004-ல் அருவிப் பூங்காவும் நடைப்பாலமும் வந்தபின் பேச்சு மாறிவிட்டது.

இதைப் படித்துவிட்டு வாகனத்தை முழுக்க நிறுத்தினால் இன்னும் நல்லது என்று நினைக்க வேண்டாம். மிஷிகனின் கலமசூ 1959-ல் அப்படிச் செய்து, 1998-ல் மறுபடி வண்டி விட்டது. சிகாகோவின் ஸ்டேட் ஸ்ட்ரீட் 1979-ல் பஸ் தவிர எல்லாவற்றையும் தடுத்து, 1996-ல் பின்வாங்கியது. ஃப்ரெஸ்னோ 1964-ல் மூடிய தெருவை 2017-ல் திறந்தது. காரணம் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றே: நடந்து வரும் தூரத்தில் குடியிருப்பவர்கள் இல்லை. ஆறு மணிக்கு ஆபீஸ் விட்டதும் தெரு வெறிச்சோடும். போகிற வண்டியாவது இருந்தால் ஆள் நடமாட்டம் தெரியும். கொலராடோவின் போல்டர் போல, பக்கத்திலேயே பல்கலைக்கழகமும் குடியிருப்பும் உள்ள ஊர்களில்தான் நடைவீதி நிலைத்தது. தி.நகர் பாண்டி பஜாரில் 2019-ல் அமைத்த நடைபாதை வளாகத்தை இவற்றோடு ஒப்பிட முடியாது. அங்கே கூட்டம் முன்பே இருந்தது, நடக்க இடம்தான் இல்லை.

கே: காலி ஆபீஸ்களை வீடாக மாற்றிவிட வேண்டியதுதானே? (வாசகி, சென்னை)

எல்லாரும் கேட்பது இதைத்தான். தடை ஜன்னலில் ஆரம்பிக்கிறது. வீட்டுக்கு வெளிச்சம் வேண்டும். ஜன்னலிலிருந்து உள்சுவர் வரை 30 முதல் 40 அடி ஆழம் என்றால் சமாளிக்கலாம். 1970-களுக்குப் பின் வந்த பல கோபுரங்களில் இது அதற்கும் மேல்; நடுவில் இருட்டான பகுதி மிஞ்சும், அதை வாடகைக்கு விட முடியாது. அடுத்தது குழாய். ஆபீஸில் மாடிக்கு ஒரே இடத்தில் கழிப்பறைகள் இருக்கும். வீடு என்றால் ஒவ்வொன்றுக்கும் சமையலறை, குளியலறை. அதாவது ஒவ்வொரு மாடித் தளத்திலும் ஓட்டை போட வேண்டும். கான்கிரீட்டுக்குள் இறுக்கி இழுத்த எஃகுக் கேபிள்கள் உள்ள தளம் என்றால், ஸ்கேன் செய்யாமல் துளையிடுவது ஆபத்து. திறக்க முடியாத கண்ணாடிச் சுவர், லிஃப்ட், தீ வெளியேறும் வழி எல்லாம் அப்புறம். 1920-களில் கட்டிய, மெலிந்த, நடுவே வெளிச்சக் கிணறு உள்ள பழைய கட்டடங்கள்தான் சுலபமாக மாறும்.

கனடாவின் கால்கரி இதைக் கணக்குப் போட்டுச் செய்தது. எண்ணெய் விலை சரிந்ததில் அதன் மைய ஆபீஸ்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு காலி. அந்தக் கோபுரங்களின் மதிப்பு விழுந்ததும் அவை கட்டிவந்த சொத்து வரியின் பாரம் ஊரின் மற்ற பகுதிச் சிறு கடைகள் மேல் ஏறியது. 2019-ல் வியாபாரிகள் போராடியது இதற்காகத்தான். 2021-ல் நகர மன்றம், மாற்றும் உரிமையாளருக்குச் சதுர அடிக்கு 75 கனடிய டாலர் மானியம் அறிவித்தது. இலக்கு, 2031-க்குள் 60 லட்சம் சதுர அடி ஆபீஸைக் குறைப்பது. வேலை முடிந்த பிறகே பணம். ஒரு கட்டடத்துக்கு ஒன்றரைக் கோடி டாலரைத் தாண்டினால் மன்றத்தின் தனி ஒப்புதல் வேண்டும். முன்பணம் கொடுத்திருந்தால் பாதிக் கட்டடங்கள் சாரத்தோடு நின்றிருக்கும் என்பது எங்கள் எண்ணம்.

கே: ஸ்டேடியம் கட்டினால் ஊர் பிழைக்குமா? (வாசகர், நாகர்கோவில்)

அமெரிக்கக் கால்பந்து அணிக்கு ஒரு பருவத்தில் சொந்த ஊர் லீக் ஆட்டம் எட்டோ ஒன்பதோ. மற்ற நாட்களில் அது சுற்றிலும் பார்க்கிங் உள்ள பெரிய மதில்.

கே: வருஷக்கணக்கில் கடையைப் பூட்டி வைப்பவர் வாடகையைக் குறைத்து விடலாமே? (வாசகர், திருச்சி)

குறைத்தால் நஷ்டம் வாடகையோடு நிற்காது. வணிகக் கட்டடத்தின் மதிப்பை அதன் வாடகையை வைத்தே வங்கி போடுகிறது. வாடகை ஒப்பந்தத்தில் தொகை இறங்கினால் கட்டடத்தின் மதிப்பு இறங்கும், கடன் கொடுத்தவர் கூடுதல் ஈடு கேட்பார். பூட்டி வைத்தால் 'நல்ல வாடகைக்குக் காத்திருக்கிறோம்' என்று காலம் தள்ளலாம். இந்தக் கணக்கை மாற்றத்தான் சான் பிரான்சிஸ்கோ 2020-ல் வாக்கெடுப்பு நடத்தி வரி கொண்டுவந்தது. குறிப்பிட்ட கடைவீதிகளில் ஆண்டுக்கு 182 நாளுக்கு மேல் காலியாக இருந்தால் முகப்பின் ஒவ்வோர் அடிக்கும் முதல் ஆண்டு 250 டாலர், அடுத்து 500, பிறகு 1,000. 25 அடி முகப்பு என்றால் 6,250-ல் தொடங்கி 25,000. இது குடியிருப்பை ஒட்டிய கடைவீதிக்கு உறைக்கும்; கோடிகள் புரளும் கோபுரத்தின் உரிமையாளருக்குக் கொசுக்கடி. அதனால் அந்த நகரம் 2023-ல் மையப்பகுதியில் வேறு வழி பிடித்தது: காலிக் கடைகளை மூன்று மாதம் வாடகையின்றிச் சிறு வியாபாரிகளுக்குக் கொடுத்துப் பார்ப்பது.

கே: வளர்ச்சியால் கூடும் வரியையே அந்த இடத்துக்குச் செலவழித்தால் யாருக்கும் சுமை இல்லையே? (வாசகி, ஈரோடு)

காகிதத்தில் சுமை இல்லை. ஒரு வட்டாரத்தின் சொத்து மதிப்பு இன்று 100 கோடி என்று வைத்துக்கொள்வோம். அதை அப்படியே உறைய வைப்பார்கள். பிறகு அது 160 கோடியானால், 100 கோடிக்குரிய வரி வழக்கம்போலப் பள்ளிக்கும் நகராட்சிக்கும் போகும், 60 கோடிக்குரியது அந்த வட்டாரத்துக்கு மட்டும். சிக்கல் என்னவென்றால், எப்படியும் வளரக்கூடிய இடத்துக்கும் கோடு போட்டு, பள்ளிக்கு வர வேண்டியதைப் பிடித்துவைப்பார்கள். 1952-ல் இந்த முறையைத் தொடங்கிய கலிஃபோர்னியாவே 2012 பிப்ரவரியில் இதை நடத்திவந்த ஏறத்தாழ 400 மறுமேம்பாட்டு முகமைகளை மூடிவிட்டது. மூடிய கவர்னர் ஜெர்ரி பிரவுன், 1999 முதல் ஓக்லண்டின் மேயராக இருந்தபோது மையப்பகுதியில் 10,000 பேரைக் குடியேற்றும் தன் திட்டத்துக்கு இதே பணத்தை நம்பியிருந்தவர். நாற்காலி மாறினால் கணக்கும் மாறும்!

கே: பதவியேற்ற மேயர் முதலில் எதைத் தொட வேண்டும்? (வாசகர், தூத்துக்குடி)

விளக்கு, குப்பை. பெரிய கட்டடம், சிறிய அடிப்படை வேலை என்ற இரண்டு வழியையும் பார்த்த ஊர் டெட்ராய்ட். 1977-ல் ஆற்றங்கரையில் ரினைசன்ஸ் சென்டர் என்ற கோபுரக் கூட்டத்தைப் பெரும் எதிர்பார்ப்போடு திறந்தார்கள். தெருப்பக்கம் மதில்போல மேடுகள். உள்ளே போனவர் வெளியே வரத் தேவையில்லை. பழைய ஆபீஸ் கட்டடங்களிலிருந்து வாடகைக்காரர்களை அது இழுத்ததுதான் மிச்சம். 2013-ல் நகராட்சி திவாலானபோது தெருவிளக்குகளில் சுமார் 40 சதவீதம் எரியவில்லை. 2014-ல் மேயரான மைக் டகன் காலத்தில், விளக்குக்கென்றே அமைத்த தனி ஆணையம் 2016 டிசம்பருக்குள் 65,000 எல்இடி விளக்குகளைப் பொருத்தி முடித்தது. செம்புக் கம்பியை அறுத்து விற்கும் திருட்டு தொடர்ந்ததால் புதிய இணைப்புகளை அலுமினியக் கம்பியில் போட்டார்கள். பழைய உலோகம் வாங்குபவரிடம் அதற்கு மதிப்புக் குறைவு.

குப்பைக்கு டொரன்டோவின் வழி உண்டு. மெட்ரோவும் மால்களும் வாடிக்கையாளரைக் கொண்டுபோனபின், 1970-ல் புளோர் வெஸ்ட் வில்லேஜ் வியாபாரிகள் தெருவைப் பராமரிக்கத் தங்களுக்குத் தாங்களே ஒரு கட்டாயக் கட்டணம் விதித்துக்கொள்ளச் சட்டம் வாங்கினார்கள். கட்டாயம் ஏன்? நன்கொடையாக வைத்தால் பத்துப் பேர் கொடுப்பார்கள், முப்பது பேர் சும்மா பலனடைவார்கள். நகராட்சி வரியோடு வசூலித்து, அந்தத் தெருவின் நிர்வாகக் குழுவிடமே திருப்பித் தருகிறது. இதில் கெடுவது இரண்டு இடத்தில்: வசூலைப் பொதுக்கணக்கில் போட்டுக்கொள்வது, குழு தானே தெருவைப் பெருக்க ஆரம்பித்ததும் நகராட்சி தன் துப்புரவு ஆட்களை வேறு வார்டுக்கு மாற்றிவிடுவது. இப்போது தெருவுக்கு எத்தனை ஆட்கள், எத்தனை வேளை என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி, அதற்குக் கீழே இறக்கக் கூடாது என்று கையெழுத்து வாங்கிய பிறகே முதல் கட்டணத்தை வசூலிக்க வேண்டும்.