ஜூரி ஒன்று சொல்ல, நீதிபதி வேறு நினைத்தால்?

கேள்வி: மனைவியின் காதலர் பிரேம் அகுஜாவைச் சுட்டுக் கொன்றதாகக் கடற்படை அதிகாரி நானாவதி மீது நடந்த வழக்கில், ஜூரர்கள் (விசாரணையைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள்) 8-1 என்ற கணக்கில் 'குற்றவாளி இல்லை' என்றார்கள். பிறகு எப்படி ஆயுள் தண்டனை? செஷன்ஸ் நீதிபதியே மாற்றி எழுதிவிட்டாரா?

இல்லை, அந்த அதிகாரம் அவருக்குக் கிடையாது. ஜூரியின் முடிவை ஏற்க முடியாவிட்டால், காரணம் எழுதி வழக்கை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். 1898-ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 307-வது பிரிவு அவ்வளவுதான் அனுமதித்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் சாட்சியங்களை மறுபடி அலசியது. கைகலப்பில் துப்பாக்கி வெடித்துவிட்டது என்பது நானாவதி தரப்பு வாதம். ஆனால், குளித்துவிட்டு வந்த அகுஜா இடுப்பில் கட்டியிருந்த துண்டு, அவர் இறந்து கிடந்தபோதும் அவிழவில்லை. இருவர் கட்டிப் புரண்டிருந்தால் துண்டு நிற்குமா? உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. 1961 நவம்பர் 24-இல் உச்ச நீதிமன்றமும் தண்டனையை உறுதி செய்தது.

எல்லாரும் ஜூரியைத்தான் திட்டுகிறார்கள். 'விபத்து' என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்பதை ஜூரிக்கு நீதிபதி விளக்கவே இல்லை. சட்டம் படிக்காத ஒன்பது பேர் அதை வேறு யாரிடம் தெரிந்துகொள்வார்கள்? எனக்கு அந்தத் தவறுதான் பெரிதாகத் தெரிகிறது.

கேள்வி: இந்தியாவில் ஜூரி முறை ஒழிந்தது அந்த வழக்கால்தானே?

பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். துப்பாக்கி வெடித்தது 1959-இல். ஜூரி வேண்டாம் என்று சட்ட ஆணையம் 1958-லேயே பரிந்துரைத்துவிட்டது. குற்ற வழக்குகளில் அது முழுதாக நீங்கியது 1973-ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில்.

கேள்வி: அமெரிக்காவில் ஜூரி 'குற்றவாளி' என்ற பிறகும் நீதிபதி விடுவிக்கலாமாமே?

ஃபெடரல் (மத்திய அரசின்) நீதிமன்றங்களில், குற்றவியல் நடைமுறை விதிகளின் 29-வது விதிப்படி விடுவிக்கலாம். ஆனால் ஜூரி விடுவித்தவரை நீதிபதி தண்டிக்க முடியாது. 'எனக்கு நம்பிக்கை வரவில்லை' என்பதும் காரணமாகாது. சாட்சியத்தை அரசுத் தரப்புக்குச் சாதகமாகவே வைத்துப் பார்த்தாலும், நியாயமான எந்த ஜூரியும் தண்டித்திருக்க முடியாது என்ற நிலை வேண்டும்.

இதில் நேரமும் முக்கியம். ஜூரி முடிவு சொல்வதற்கு முன்பே நீதிபதி விடுவித்தால் அரசு மேல்முறையீடு செய்ய வழியில்லை. ஒரே குற்றத்துக்கு இருமுறை விசாரணை கூடாது. ஜூரி தண்டித்த பிறகு விடுவித்தால் மேல்முறையீடு உண்டு, ஜூரியின் முடிவு திரும்ப உயிர் பெறலாம். அதனால்தான் விடுவிக்கக் கோரும் மனுவை நீதிபதி நிறுத்தி வைத்துவிட்டு, முதலில் ஜூரி சொல்வதைக் கேட்க விதியே இடம் தருகிறது.