இடுப்பில் கத்தி: உறை எப்படி இருக்க வேண்டும், எங்கே கட்ட வேண்டும்?

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "மூன்று ஏக்கர் தென்னை, ஊடுபயிராக வாழை. வீட்டிலிருந்து தோட்டம் ஒன்பது கிலோமீட்டர், பைக்கில்தான் போவேன். கொல்லுப்பட்டறையில் லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்து வாங்கிய நாலங்குலக் கத்தி வைத்திருக்கிறேன். சொட்டுநீர்க் குழாய் அறுக்க, உர மூட்டையைப் பிரிக்க, வாழைச் சருகு கழிக்க எல்லாவற்றுக்கும் அதுதான். உறை கிடையாது, துணியைச் சுற்றி இடுப்பில் செருகிக்கொள்வேன். போன மாதம் வண்டி குதித்ததில் துணியைக் கிழித்துக்கொண்டு வயிற்றில் கீறிவிட்டது. மடக்குக்கத்திக்கு மாறிவிடலாமா? மாறாவிட்டால், இதை எப்படி வைத்துக்கொள்வது? செக்போஸ்டில் போலீஸ் பிடித்தால் என்ன சொல்வது?"

முதலில் ஒரு வேண்டுகோள். துணி சுற்றி இடுப்பில் செருகுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். இந்த முறை கீறலோடு போனது. அடிவயிற்றுக்கும் தொடைக்கும் நடுவே, அரைக்கு உள்பக்கமாக, காலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் தோலுக்கு அதிக ஆழமில்லாமல் ஓடுகிறது. அது அறுபட்டால் தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரை ரத்தம் காத்திருக்காது. அதனால் நுனி கீழ்நோக்கி இருக்கும்படி முன்பக்க இடுப்பில் கத்தி வைப்பதை, எவ்வளவு நல்ல உறை போட்டாலும், நான் யாருக்கும் சொல்லுவதில்லை.

மடக்குக்கத்திக்கு மாற வேண்டியதில்லை. உங்கள் வேலைக்கு மடங்காத கத்திதான் சரி. மடக்குக்கத்தியின் மூட்டில் வாழைப்பாலும் மண்ணும் இறங்கி இறுகிவிடும். பூட்டு இல்லாத வகையாக இருந்தால் அழுத்தி அறுக்கும்போது விரல் மேலேயே மடங்கும். நேர்க்கத்தியை ஒரு வாளித் தண்ணீரில் அலசித் துடைத்தால் வேலை முடிந்தது. அதில் உள்ள ஒரே தொல்லை, அதன் கூர் எப்போதும் திறந்தே இருப்பது. அந்தப் பொறுப்பு முழுவதும் உறையின் தலையில்தான் விழுகிறது. இடுப்பில் எந்த இடம் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

உறை விஷயத்தில் நானே பட்டவன். பல வருடங்களுக்கு முன் கடையில் கத்தியோடு சேர்த்துக் கொடுத்த நைலான் துணி உறையை வலது இடுப்பில் மாட்டிக்கொண்டு வரப்பில் நடந்தேன். பாசி பிடித்த இடத்தில் கால் வழுக்கி அப்படியே உட்கார்ந்த வாக்கில் விழுந்தேன். எழுந்து பார்த்தால் வேட்டி நனைந்திருக்கிறது, தண்ணீர் என்றுதான் நினைத்தேன். உறையின் அடித்தையல் வழியாக நுனி ஒரு விரற்கடை வெளியே வந்து பின்தொடையில் இறங்கியிருந்தது. நாலு தையல். உறை கிழியக்கூட இல்லை, நூலை விலக்கிக்கொண்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த உறைக்கு உள்ளே கெட்டியான பிளாஸ்டிக் தகடு ஏதும் வைக்கவில்லை என்பதை அதைப் பிரித்துப் பார்த்த அன்றுதான் தெரிந்துகொண்டேன். வெறும் துணி உறை என்றால் இன்றும் எனக்கு நம்பிக்கை வராது.

உங்களுக்குச் செலவே இல்லாமல் ஒரு உறை செய்யும் வழி உண்டு. சொட்டுநீர் போட்ட தோட்டத்தில் துண்டு பி.வி.சி. பைப் இல்லாமல் இருக்காது. கத்தியின் அலகு ஓரங்குல அகலம் என்றால் 32 மி.மீ. பைப் எடுங்கள். வட்டமாக இருக்கிற பைப்பைத் தட்டையாக்கினால் ஏறக்குறைய 50 மி.மீ. அகலம் வரும், பிடியும் கொஞ்சம் உள்ளே போகும் அளவு. அலகின் நீளத்தோடு இரண்டங்குலம் சேர்த்து அறுத்துக்கொள்ளுங்கள். அடுப்புத் தீக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருந்தால் பைப் ரப்பர் மாதிரித் துவளும். தீயில் நேராகக் காட்டிக் கருக விடாதீர்கள். கருகினால் வருகிற புகை நுரையீரலைப் புண்ணாக்கும், வீட்டுக்கு வெளியே காற்றோட்டத்தில் செய்யுங்கள். துவண்டதும் இரண்டு பலகைக்கு நடுவே வைத்து அழுத்துங்கள். காகிதம் சுற்றிய கத்தியை உள்ளே விட்டு மறுபடி இலேசாகச் சூடு காட்டி, தடித்த கையுறை போட்ட கையால் பிடியின் கழுத்தில் மட்டும் அமுக்கிப் பிடியுங்கள். அந்த இடம் கொஞ்சம் இடுங்கி, கத்தி உள்ளே போகும்போது 'டக்'கென்று உட்காரும். அடியைச் சூடாக்கி மடித்து அமுக்கி, நடுவில் ஒரு சின்ன ஓட்டை விட்டுவிடுங்கள். உள்ளே இறங்கும் தண்ணீர் அது வழியாக வடியும். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் கடையில் விற்கும் பல உறைகளைவிட இது பத்திரம் என்று தைரியமாகச் சொல்வேன்.

தோல் உறைதான் வேண்டும் என்றால் தோலின் வகையைக் கேட்டு வாங்குங்கள். ஷூவுக்கும் பைக்கும் வருகிற மெத்தென்ற தோல் பெரும்பாலும் குரோம் பதனிட்டது. அது வடிவம் பிடிக்காது, அதிலுள்ள உப்பு இரும்பில் துருவும் ஏற்றும். பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்ட தோல் வேண்டும். ஆவாரம்பட்டையில் தோல் பதனிடுவது நம் ஊரின் பழைய தொழில். 'ஈ.ஐ. லெதர்' (ஈஸ்ட் இந்தியா லெதர்) என்ற பெயரில் அந்தத் தோல் புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. திருச்சி, திண்டுக்கல், ஈரோடு பக்கம் விசாரித்தால் கிடைக்கும். மூன்று மில்லிமீட்டர் தடிமன் இருக்கட்டும். இதைத் தண்ணீரில் நனைத்து, பிளாஸ்டிக் தாள் சுற்றிய கத்தியை உள்ளே வைத்து விரலால் அமுக்கிவிட்டு நிழலில் காயவிட்டால் கத்தியின் உருவத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும்.

தைப்பவரிடம் ஒன்றே ஒன்றை வற்புறுத்திச் சொல்லுங்கள். முன்தோலும் பின்தோலும் சேரும் விளிம்பில், கூர் படும் பக்கம் முழுக்க, நடுவில் இன்னொரு தோல் பட்டை வைத்துத் தைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை உருவும்போதும் கூர் நூலைத் தொடும், ஒரு வருடத்தில் தையலை உள்ளிருந்தே அறுத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் உறை புதிது போலவே இருக்கும். அதுதான் பயம்.

பிடி எவ்வளவு தூரம் உள்ளே போக வேண்டும் என்பதற்கு பின்லாந்துக்காரர்களின் 'புக்கோ' கத்தியைப் பார்க்கலாம். அதன் உறை, பிடியில் பாதியை விழுங்கிக்கொள்ளும். பொத்தானும் இல்லை, வாரும் இல்லை, குனிந்தாலும் விழாது. தொலைதூரம் போவானேன், நம் பனையேறிகளைப் பாருங்கள். பாளை சீவும் அரிவாளின் கூருக்குச் சவரக்கத்தி தோற்கும். அதை வெறும் இடுப்பில் செருகி யாரும் மரம் ஏறுவதில்லை. அருவாப்பெட்டி என்று ஒன்று இடுப்பில் கட்டியிருக்கும், கூர் உடம்பில் படவே வழியில்லாதபடி அதற்குள்தான் அரிவாள் இருக்கும். உயிரைப் பணயம் வைத்து மரத்தில் நிற்பவர்கள் முதலில் யோசித்தது உறையைத்தான்.

சரி, எங்கே கட்டுவது? தோட்டத்துக்குள் நடந்து வேலை பார்க்கும்போது வலது இடுப்பில், பேன்ட்டின் பக்கத் தையலுக்குச் சற்றுப் பின்னால், செங்குத்தாக. இடக்கைப் பழக்கம் என்றால் இடப்பக்கம். கை தானாகப் போய் விழும் இடம் அது. பிடி இடுப்புக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றால் குனியும்போது விலாவில் குத்தும். அதற்கு வார் மாட்டும் வளையத்துக்கும் உறைக்கும் நடுவே நாலங்குலத் தோல் துண்டோ இரும்பு வளையமோ வைத்து உறையைத் தொங்கவிட்டால் போதும். உட்காரும்போது தானாக விலகிக்கொள்ளும். டிராக்டர் ஓட்டுகிறவர்களுக்கு இதுதான் வசதி.

வேட்டி, லுங்கி கட்டுகிறவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நம் பச்சை பெல்ட் கையகலம் இருக்கும். கடை உறையின் வளையம் அதில் நுழையாது. நுழையாத ஆத்திரத்தில் பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவே உறையைச் செருகிவிடுகிறார்கள், மறுபடி அதே அடிவயிறு. பெல்ட்டின் அகலத்தை அளந்து கொடுத்து வளையத்தைப் பெரிதாகத் தைக்கச் சொல்லுங்கள். லுங்கி மடிப்பில் மட்டும் வேண்டவே வேண்டாம்.

முதுகுக்குப் பின்னால் குறுக்காகக் கட்டுவது பார்க்க எடுப்பாக இருக்கும். குடகு மக்கள் ஒடிகத்தி என்ற அகன்ற கத்தியைப் பின்இடுப்பில் 'தோடங்கு' என்ற பித்தளைக் கொக்கியில் மாட்டுவார்கள், அது அவர்களுடைய மரபு உடையின் அங்கம். ஆனால் வழுக்கும் வரப்பில் மல்லாக்க விழுகிறவனுக்குத் தண்டுவடத்துக்கு நேராக ஒரு இரும்புக் கட்டை இருப்பது நல்லதில்லை. உறையில் கத்தி சரியாக உட்கார்ந்ததா என்று கண்ணால் பார்க்கவும் முடியாது. கழுத்தில் மாட்டுவதாக இருந்தால் ஒட்டுக்கட்டும் சின்னக் கத்திக்கு மட்டும். அதுவும் இழுத்தால் அறுந்துவிடும் மணிச்சங்கிலியில். கெட்டி நைலான் கயிறு கிளையில் மாட்டினால் கழுத்தை இறுக்கும். மரம் ஏறும்போதும், சுழலும் இயந்திரம் அருகிலும் கழுத்தில் எதுவுமே வேண்டாம்.

பைக்கில் ஏறும்போது கத்தி உடம்பில் இருக்கக் கூடாது. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். உறையோடு கழற்றி சைடு பாக்ஸில், அல்லது ஜிப் வைத்த பையின் அடியில் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்பது கிலோமீட்டருக்கு நடுவில் கத்திக்கு எந்த வேலையும் இல்லை. விழுந்தால் எந்தப் பக்கம் விழுவோம் என்று முன்கூட்டித் தெரியாது.

இது போலீஸ் கேள்விக்கும் பாதிப் பதில். ஆயுதச் சட்டம் 1959-ல் ஆயுதம் என்பதற்கான விளக்கமே, வீட்டுக்கும் விவசாயத்துக்கும் என்று மட்டுமே செய்யப்பட்ட பொருளை விலக்கிவிடுகிறது. 2016 ஆயுத விதிகளின் பட்டியலும் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைப் பற்றித்தான் பேசுகிறது. அதிலும் வீடு, விவசாயம், ஆய்வு, தொழில் இவற்றுக்கானவை சேராது. உங்கள் நாலங்குலக் கத்தி இரண்டு வழியிலும் வெளியே நிற்கிறது. ஆனால் இது சலுகைச் சீட்டு அல்ல. முன்பு 144 என்று சொன்ன தடை உத்தரவு இப்போது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163-வது பிரிவில் வருகிறது. தேர்தல், ஊர்க் கலவரம், திருவிழாத் தகராறு என்று அந்த உத்தரவு போட்டிருக்கும்போது கத்தி தோட்டத்திலேயே கிடக்கட்டும். மற்ற நாளில் மறித்துக் கேட்டால், கையைப் பைக்குள் விடாமல், "பையில் தோட்டத்துக் கத்தி இருக்கு சார், மருந்தடிக்கப் போறேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கூடவே சொட்டுநீர்க் குழாய்த் துண்டும் கயிறும் கிடக்கிற பையில் கத்தி இருப்பதற்கும், சட்டைக்குள் மறைத்த இடுப்பில் இருப்பதற்கும் வித்தியாசம் எந்தக் காவலருக்கும் தெரியும்.

மடக்குக்கத்தி என்றால் கேள்வியே வராது என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. தில்லியில் பட்டனைத் தட்டினால் விரியும் கத்திக்கு 1980-ம் ஆண்டு அறிவிக்கையிலேயே 7.62 செ.மீ. நீளம், 1.72 செ.மீ. அகலம் என்று அளவு வைத்துத் தடுத்திருக்கிறார்கள். பிரிட்டனில் இருக்கும் நம்மவர்களுக்கு நிலைமை வேறு. அங்கே மூன்றங்குலத்துக்கு உட்பட்ட, பூட்டு இல்லாத மடக்குக்கத்தி பரவாயில்லை. நேர்க்கத்தியைப் பொது இடத்தில் வைத்திருக்கத் தகுந்த காரணம் காட்ட வேண்டும். ஊரிலிருந்து ஆசையாக வாங்கி அனுப்பாதீர்கள்.

திங்கட்கிழமை மனுக் கொடுக்கக் கலெக்டர் ஆபீஸ் போகிறீர்கள், கோர்ட் வாய்தா, மெட்ரோ ரயில் என்றால் கத்தியை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். விமானத்தில் கைப்பையில் கூடாது, செக்-இன் பெட்டியில் உறை போட்டுச் சுற்றி வைக்கலாம்.

கடிதத்தின் ஓரத்தில் "ஒரு தைரியத்துக்கும் இருக்கட்டுமே" என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். தண்ணீர் முறைக்கும் வரப்புக்கும் வருகிற வாய்த்தகராறில் இடுப்பில் கத்தி இருப்பது எதிராளியின் கண்ணில் பட்டால் பேச்சு அங்கேயே மாறிவிடும். கத்தியை நீங்கள் தொடவே இல்லை என்றாலும், புகாரில் அது எழுதப்படும்.

உருவுவதிலும் ஒரு பழக்கம் வேண்டும். உறையைச் சுற்றி நாலு விரலாலும் வளைத்துப் பிடித்து உருவாதீர்கள், தையல் விட்டிருந்தால் விரல் போகும். கூர் இல்லாத முதுகுப் பக்கம் கட்டைவிரலை உறையின் வாயில் ஊன்றித் தள்ளினால் முதல் அரை அங்குலம் மெதுவாக விடுபடும், பிறகு பிடியை மட்டும் இழுத்தால் போதும். திரும்பப் போடும்போது உறையைக் கண்ணால் பார்த்துப் போடுங்கள். நான் பார்த்த கைக்காயங்களில் பெரும்பாலானவை உருவும்போது வந்ததில்லை, பேசிக்கொண்டே செருகும்போது வந்தவை.

லாரிப் பட்டைக் கத்தி சுலபமாகத் துருப்பிடிக்கும். சாயங்காலம் வாழைப்பாலைக் கழுவித் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி, உறைக்கு வெளியே வைத்துவிடுங்கள். தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ராத்திரி முழுக்க அதில் கிடந்தால் காலையில் புள்ளி புள்ளியாகத் துரு தெரியும்.

உறை தயாரானதும் சாக்குக்கு மேலே தலைகீழாகப் பிடித்துப் பத்து முறை உதறுங்கள். கத்தி விழவில்லை என்றால், அலகின் நீளத்துக்கு ஒரு மரச்சிம்பை உறைக்குள் விட்டு, இடுப்பில் கட்டிக்கொண்டு குந்துங்கள், வாய்க்காலைத் தாண்டுங்கள், மூட்டை தூக்குங்கள், நாற்காலியில் சாயுங்கள். எங்கே இடிக்கிறது என்று உடம்பே சொல்லும். அந்த இடத்தைச் சரிசெய்த பிறகு கத்தியைப் போடுங்கள்.