நன்றாகத் தூங்கிய குழந்தை நான்காவது மாதத்தில் திடீரென்று ஏன் எழுகிறது?

கேள்வி: என் மகனுக்கு நான்கு மாதம் முடிந்துவிட்டது. போன மாதம் வரை இரவில் ஒருமுறைதான் பாலுக்கு எழுவான். இப்போது பத்து நாளாக ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து அழுகிறான். பால் கொடுத்தால்தான் திரும்பத் தூங்குகிறான். “உனக்குப் பால் போதவில்லை, கஞ்சி கொடு” என்கிறார்கள் வீட்டில். என்ன செய்வது?

பதில்: முதலில் பால் விஷயத்தைப் பார்த்துவிடுவோம். ஒரு நாளில் ஆறு முறையாவது நன்றாகச் சிறுநீர் கழிக்கிறானா, எடை ஒழுங்காக ஏறுகிறதா? இரண்டும் சரியாக இருந்தால் உங்கள் பால் போதுகிறது. கஞ்சி வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பிறகு ஏன் எழுகிறான்? அவனுடைய தூக்கமே மாறிக்கொண்டிருக்கிறது. பிறந்த குழந்தையின் தூக்கத்தில் இரண்டே நிலைகள்தான். மூன்று, நான்கு மாதத்தில் மூளை வளர வளர, பெரியவர்களுக்கு இருப்பதுபோல லேசான தூக்கம், ஆழ்ந்த தூக்கம் என்று பல படிகள் உருவாகின்றன. இந்தப் படிகள் எல்லாம் ஒருமுறை வந்துபோவதுதான் ஒரு சுற்று. இந்த வயதில் அது ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் லேசாக விழிப்பு வருவது நமக்கும் உண்டு. நாம் புரண்டு படுத்துத் தூங்கிவிடுகிறோம். ஆனால் நடு இரவில் தலையணை காணாமல் போயிருந்தால் நாமும் முழித்துத் தேடுவோம்தானே? பால் குடித்தபடியே தூங்கியவன் விழிக்கும்போது மார்பும் இல்லை, அம்மாவின் சூடும் இல்லை. அழுகிறான்.

அதனால் இரவின் தொடக்கத்தில்தான் நம் வேலை இருக்கிறது. தூங்குவதற்குச் சற்று முன்பே பால் கொடுத்து முடித்துவிடுங்கள். அப்புறம் விளக்கைக் குறைத்து, கொஞ்ச நேரம் தோளில் வைத்திருந்து, கண் சொருகும் நேரத்தில், முழுதாகத் தூங்கும் முன் படுக்கையில் விடுங்கள். மார்பில் கை வைத்து மெதுவாகத் தட்டுங்கள். அழுதால் எடுத்துச் சமாதானப்படுத்திவிட்டு மறுபடி முயலுங்கள். ஒரு நாளில் இரண்டு முறை தோற்றால் அன்றைக்கு விட்டுவிடலாம், நாளை பார்த்துக்கொள்ளலாம். இந்த வயதில் அழவிட்டுப் பழக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை.

இரவில் முனகல் கேட்டதும் தூக்கிவிடாதீர்கள். குழந்தைகள் தூக்கத்திலேயே சிணுங்கும், முகத்தைச் சுளிக்கும், கை கால் உதைக்கும். ஓரிரு நிமிடம் கவனியுங்கள். பல நேரம் தானாகவே அடங்கிவிடும். நாமே தூக்கி எழுப்பிவிடுவதும் நடக்கிறது. உண்மையாகவே பசித்து எழுந்தால் தாராளமாகக் கொடுங்கள். ஒரு முறை, இரண்டு முறை இரவுப் பால் இந்த வயதில் இயல்புதான்.

பகலிலும் ஒரு விஷயம் பாருங்கள். இப்போது அவனுக்கு வேடிக்கை பார்க்கும் ஆசை வந்திருக்கும். யாராவது பேசினால் பாலை விட்டுவிட்டுத் திரும்புவான். விட்டதை இரவில் குடிப்பான். பகலில் அமைதியான அறையில் வைத்துக் கொடுங்கள். சுமார் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து விழித்திருக்க விடாதீர்கள். அசதி மிஞ்சினால் தூக்கம் கெடும்.

புரள ஆரம்பிக்கும் அறிகுறி தெரிந்தால் துணியால் இறுக்கிச் சுற்றுவதை உடனே நிறுத்துங்கள். மல்லாக்கப் படுக்க வையுங்கள், கெட்டியான சமதளப் படுக்கையில், தலையணையோ பொம்மையோ இல்லாமல். களைப்பில் சோபாவில் உட்கார்ந்து பால் கொடுத்தபடி நீங்களும் தூங்கிவிடுவது மிகவும் ஆபத்து. தூக்க மருந்து, சளி மருந்து எதையும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம்.

இந்தக் கட்டம் பெரும்பாலும் சில வாரங்களில் தணியும். ஆனால் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ இருந்தாலும், பாலை மறுத்தாலும், சிறுநீர் குறைந்தாலும், மூச்சு விடச் சிரமப்பட்டாலும், எடுத்து வைத்தும் அழுகை அடங்காவிட்டாலும் மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.

உங்கள் தூக்கத்தையும் இதே அளவுக்கு முக்கியமாக நினைக்கிறேன். வீட்டில் கஞ்சி யோசனை சொல்பவர்களிடம் வேறு உதவி கேளுங்கள். மாலைப் பால் கொடுத்ததும் நீங்கள் படுத்துவிடுங்கள். அடுத்த பால் நேரம் வரை குழந்தையை கணவரோ வேறு ஒருவரோ பார்த்துக்கொள்ளட்டும். குழந்தை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை, எந்நேரமும் அழுகையாக வருகிறது என்றால், அதையும் மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது.