நாடிழந்த இளவரசனின் கதையைப் போரில் தொடங்கலாமா?

கேள்வி: ஆங்கிலோ-சாக்சன் காலத்தில் விரட்டப்பட்ட இளவரசன் ஒருவன் திரும்பி வந்து அரியணையை மீட்பதாக நாவல் எழுத விரும்புகிறேன். உண்மையில் இப்படி நடந்திருக்கிறதா? போர்க்களத்தில் தொடங்கினால் விறுவிறுப்பாக இருக்குமா?

நடந்திருக்கிறது. நீங்கள் ஆளைக் கற்பனை செய்ய வேண்டியதே இல்லை, எட்வின் இருக்கிறான். ஆனால் தயவுசெய்து போரில் தொடங்காதீர்கள். இந்த ஒரே கதையோடு நான்கு ஆண்டுகள் மல்லுக்கட்டியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

எட்வின், வட இங்கிலாந்தின் டெய்ரா நாட்டு இளவரசன். 604 வாக்கில் பக்கத்து பெர்னீசியாவின் அரசன் ஏதல்ஃபிரித் டெய்ராவையும் பிடித்துக்கொண்டான். எட்வினின் சகோதரி ஆக்காவையும் மணந்தான். எட்வின் பல ஆண்டுகள் ஊர் ஊராக அலைந்து, கடைசியில் கிழக்கு ஆங்கிலிய அரசன் ரெட்வால்டிடம் அடைக்கலம் புகுந்தான். ஏதல்ஃபிரித் அப்போதும் விடவில்லை. எட்வினைக் கொன்றால் வெள்ளியைக் கொட்டிக் கொடுப்பதாகத் தூது அனுப்பினான். முதல் இரண்டு முறை பலிக்கவில்லை. மூன்றாவது முறை வெள்ளியும் கூடியது, போர் மிரட்டலும் சேர்ந்தது. ரெட்வால்ட் மனம் மாறிவிட்டான்.

இரவின் முதல் நாழிகையில் நண்பன் ஒருவன் வந்து எட்வினை வெளியே அழைத்துச் செய்தியைச் சொல்கிறான். இப்போதே புறப்படு, யார் கண்ணிலும் படாத இடத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்கிறான். எட்வின் மறுக்கிறான். எனக்கு ஒரு தீங்கும் செய்யாத அரசனிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதை முதலில் மீறுபவனாக நான் இருக்க மாட்டேன். பிரிட்டன் முழுக்க அலைந்து முடித்தவன் இனி எங்கே ஓடுவது என்கிறான். நண்பன் போனபின் அரண்மனை வாசலில் ஒரு கல்லின் மேல் தனியாக உட்காருகிறான்.

உங்கள் முதல் அத்தியாயம் அந்தக் கல்தான்.

எனக்கு இது ஏன் இவ்வளவு உறைக்கிறது என்று கேட்டால், ஒன்பதாம் வகுப்பில் அப்பா இறந்தபின் அம்மாவும் நானும் மாமா வீட்டில் இருந்தோம். ஓர் இரவு, பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய வாரம், தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் மாமா கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேரை எத்தனை நாள் வைத்துக்கொள்வது என்ற கணக்கு. நான் திண்ணையில் படுத்திருந்தேன். தலைக்கடியில் மடித்து வைத்த போர்வையின் ஓரத்தைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. அத்தை அதுவரை ஒன்றும் பேசவில்லை. பிறகு, “நாளைக்கு நாலு பேர் முகத்தில் எப்படி விழிப்பீர்கள்?” என்று மட்டும் கேட்டார். பேச்சு அதோடு நின்றது. நான் படிப்பை முடிக்கும்வரை அந்த வீட்டில்தான் இருந்தேன்.

பல ஆண்டுகள் கழித்து, பீட் என்ற துறவி 731-இல் எழுதி முடித்த வரலாற்றைப் படித்தபோது அதே கேள்வி வேறு உருவில் அங்கே இருந்தது. ரெட்வால்ட் தன் முடிவை மனைவியிடம் சொல்கிறான். தன்னை நம்பி வந்த நண்பனைப் பொன்னுக்கு விற்பது உன் போன்ற அரசனுக்கு அழகல்ல, எந்த ஆபரணத்தையும்விட விலையுயர்ந்த உன் நாணயத்தைப் பணத்துக்காக இழக்காதே என்கிறாள் அவள். ரெட்வால்ட் தூதர்களைத் திருப்பி அனுப்பிவிட்டுப் படை திரட்டுகிறான். ஏதல்ஃபிரித்துக்கு முழுப் படையைச் சேர்க்க அவகாசம் தராமல், 616-இல் ஐடில் ஆற்றங்கரையில் அவனைக் கொல்கிறான். ரெட்வால்டின் சொந்த மகன் ரேகன்ஹெரேயும் அங்கே மடிகிறான். விருந்தாளியைக் காத்ததற்கு அந்த வீடு கொடுத்த விலை இது. எட்வின் அரசனாகிறான். பீட் இந்தப் போருக்கு ஒதுக்கியது சில வரிகள்தான். அந்த இரவைத்தான் விரித்து விரித்து எழுதியிருக்கிறார்.

பீட் நூறாண்டுக்கு மேல் கழித்து எழுதியவர், கல்லருகே முன்பின் தெரியாத ஒருவர் தோன்றி ஆறுதல் சொன்னதாகவெல்லாம் எழுதுகிறார், இதை எப்படி நம்புவது என்று சிலர் கேட்பார்கள். நம்பச் சொல்லவில்லை. ஆனால் இன்னோர் இடத்தில், ரெட்வால்ட் கிறிஸ்தவத்திலிருந்து வழுவியதற்கு அவன் மனைவியையும் காரணம் காட்டுகிறார் பீட். தனக்குப் பிடிக்காத ஒரு பெண்ணின் வாயில் இப்படிப்பட்ட சொற்களை ஒரு துறவி சும்மா வைக்க மாட்டார் என்பது என் கட்சி. அவள் பெயரை மட்டும் அவர் எழுதவில்லை.

என் கைப்பிரதியைப் படித்த பதிப்பாளர் ஒருவர் அரசிக்கும் எட்வினுக்கும் காதல் வைக்கச் சொன்னார். காதல் கதைகளுக்கு நான் எதிரியல்ல. ஆனால் ஒரு பெண் நியாயத்துக்காகப் பேசினால் அதற்குப் பின்னால் ஆசைதான் இருக்க வேண்டுமா? மறுத்தேன். பதினான்கு மாதங்கள் கழித்துப் பிரதி திரும்பி வந்தது. ஒரு வரிக் கடிதம்கூட இல்லை, நடுவில் இருபது பக்கங்களும் இல்லை. எழுதுகிறவன் கையால் எழுதிக் கொடுக்கும் தாளுக்கு இங்கே மளிகைச் சீட்டுக்குள்ள மதிப்புக்கூடக் கிடையாது. தபால் செலவையும் என்னிடமே வாங்கினார்கள். நீங்கள் யாரிடம் கொடுத்தாலும் நகல் எடுத்து வைத்துக்கொண்டு கொடுங்கள்.

முடிவையும் முடிசூட்டில் வைக்காதீர்கள். எட்வின் அரியணை ஏறிய நாளில் ஏதல்ஃபிரித்தின் பிள்ளைகள் ஓடினார்கள். அவர்களில் ஆஸ்வால்டுக்கு வயது பன்னிரண்டு இருக்கும். ஆக்காவின் மகன், எட்வினுக்குச் சொந்த மருமகன். அவன் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையோர அயோனாத் தீவில் இருந்த ஐரிஷ் துறவிகளிடம் வளர்ந்தான். 633-இல் எட்வின் போரில் இறந்தபின், 634-இல் திரும்பி வந்து ஆட்சியைப் பிடித்தான். அயோனாவிலிருந்து எய்டன் என்ற துறவியை வரவழைத்தபோது எய்டனுக்கு ஆங்கிலம் சரியாக வரவில்லை. பதினேழு ஆண்டுகள் அயலாரிடையே வாழ்ந்து ஐரிஷ் மொழியைப் பழுதறக் கற்றிருந்த ஆஸ்வால்ட், தன் பிரபுக்களுக்கு முன் நின்று எய்டனின் உபதேசத்தைத் தானே மொழிபெயர்த்தான். இரண்டாம் பாகம் எழுதினால் இந்தக் காட்சியை விட்டுவிடாதீர்கள்.