சங்கிலி ஜெபத்தில் தூங்கிவிட்டேன்

அன்புள்ள ஐயா, கிறிஸ்துவுக்குள் ஸ்தோத்திரம்.

நான் சேலத்தில் குகைப் பகுதியில் இருக்கிறேன். வீட்டிலிருந்தே வெள்ளிக் கொலுசுக்குக் கண்ணி கோர்த்துக் கொடுக்கிறேன். மாமியார் பக்கவாதம் வந்து 2 வருடமாகப் படுக்கையில் இருக்கிறார்கள். முதுகில் புண் வந்துவிடக் கூடாது என்று ராத்திரியிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். வீட்டுக்காரருக்கு மில்லில் ஷிஃப்ட் வேலை.

எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை இரவு சங்கிலி ஜெபம் உண்டு, ஆளுக்கு ஒரு மணி நேரமாக மாறி மாறி ஜெபிப்போம். எனக்கு அதிகாலை 3 மணி முதல் 4 மணி வரை. போன வாரம் முழங்காலிலேயே தூங்கிவிட்டேன். அடுத்த மணி நேரத்துக்கு உரியவரைப் போன் செய்து எழுப்பவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு அக்கா எல்லார் முன்னாலும், "கெத்செமனேயில் தூங்கினதால்தான் பேதுரு மறுதலித்தான்" என்று சொல்லிவிட்டார்கள். பகல் முழுக்கக் கண்ணி கோர்க்கிறவள், கர்த்தருடைய சங்கிலியில் ஒரு கண்ணியை அறுத்துவிட்டேனே என்று அழுகையாக வருகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் தம்பியின் குடிக்காக 11 வருடமாக ஜெபிக்கிறேன். இப்போதெல்லாம் அதே வார்த்தைகள்தான் வாயில் வருகின்றன. சொல்லவே அலுப்பாக இருக்கிறது. நான் விசுவாசத்தை விட்டுப் பின்வாங்கி, பின்மாற்றத்தில் போகிறேனா?

(பெயர் போட வேண்டாம் ஐயா.)

*

அன்புள்ள சகோதரிக்கு,

இல்லை. நீங்கள் பின்மாற்றத்தில் போகவில்லை. உங்களுக்குத் தூக்கம் போதவில்லை. 2 வருடமாக ஒரு இரவுகூட முழுதாகத் தூங்காதவர் விடியற்காலை 3 மணிக்குக் கண்ணை மூடி முழங்காலிட்டால் தூங்கத்தான் செய்வார். உடம்பு அப்படித்தான் படைக்கப்பட்டிருக்கிறது.

அந்த அக்கா சொன்ன கெத்செமனேக்கே, இயேசு பிடிபடுவதற்கு முன் ஜெபித்த அந்தத் தோட்டத்துக்கே போவோம். சீஷர்கள் ஏன் தூங்கினார்கள் என்று லூக்கா ஒரு வார்த்தை எழுதியிருக்கிறார், 22ஆம் அதிகாரத்தில்: "துக்கத்தினாலே". சோம்பலினால் என்று அவர் எழுதவில்லை. ஒரு மணி நேரம் விழித்திருக்கக்கூடாதா என்று இயேசு கேட்டது உண்மைதான், அந்தக் கேள்வியில் அவருடைய வலி இருக்கிறது. ஆனால் அதே மூச்சில் "ஆவி உற்சாகமுள்ளதுதான், மாம்சமோ பலவீனமுள்ளது" என்று அவர்களுக்காக அவரே பேசிவிட்டார். இரண்டாம் முறை வந்து பார்த்தபோதும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அப்போது அவர் கடிந்துகொண்டதாக மத்தேயு எழுதவில்லை. அவர்களை விட்டுவிட்டுத் திரும்ப ஜெபிக்கப் போனார். அவ்வளவுதான்.

ஒரு சகோதரியின் களைப்பை எல்லார் முன்னாலும் பாவம்போல எடுத்துக் காட்டியது தவறு. இதை வெளிப்படையாகவே எழுதுகிறேன். இரவு ஜெபமே வேண்டாம் என்று சொல்லவில்லை. இயேசு மலையில் இராமுழுவதும் ஜெபித்திருக்கிறார். அவரே புயலடித்த படகில் தலையணை வைத்துத் தூங்கியும் இருக்கிறார். இரண்டும் அவர்தான்.

என் அம்மா ஏற்காட்டில் ஒரு எஸ்டேட்டில் காபிப் பழம் எடுத்தவர். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை மூச்சுவிட நேரமிருக்காது. சாயங்காலம் எடை போட்டு முடித்து லயன் வீட்டுக்கு வரும்போது விரலெல்லாம் கறுத்து, பழத்தின் பிசுபிசுப்பு போகாமல் இருக்கும். கை கழுவி, அடுப்பில் உலை வைத்துவிட்டு, கயிற்றுக் கட்டில் ஓரமாக முழங்காலிட்டு, நெற்றியைக் கட்டிலில் சாய்த்துப் பரமண்டல ஜெபம் சொல்லத் தொடங்குவார். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை" வரைக்கும் கேட்கும். அப்புறம் சத்தம் இருக்காது. நான் தோளைத் தொட்டு எழுப்பப் போனால் அப்பா கையைப் பிடித்துக்கொள்வார். "விடுடா, மிச்சத்த நாம சொல்லிக்கலாம்." நாங்கள் இரண்டு பேரும் மெதுவாக ஆமென் வரை சொல்லி முடிப்போம். உலை பொங்கும் சத்தத்துக்கு அம்மா எழுந்து வரும்போது நெற்றியில் கயிறு அழுந்தின வரிகள் வரிசையாகச் சிவந்திருக்கும்.

ஜெபத்தைப் பற்றி அதற்குப் பிறகு எத்தனையோ பிரசங்கம் கேட்டுவிட்டேன். அந்த நெற்றிதான் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

சேலத்தில் சிறுமலர் பள்ளியின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சிறுமலர் என்பது கத்தோலிக்கர்கள் குழந்தை தெரேசாளைக் கூப்பிடும் பெயர். பிரான்ஸில் லிசியே நகரத்து மடத்தில் இருந்து, 1897இல் 24 வயதிலேயே இறந்துபோனவர். ஜெப நேரத்தில் 7 வருடமாகத் தூங்கிவிழுவதாக அவரே எழுதிவைத்திருக்கிறார். அதற்காகத் தான் மனமுடைந்துபோகவில்லை என்றும், பெற்றவர்களுக்குப் பிள்ளை விழித்திருந்தாலும் தூங்கினாலும் பிரியம்தானே என்றும் எழுதுகிறார். நாம் வேறு சபைக்காரர்கள், சரி. இதை எடுத்துக்கொள்வதில் என்ன குறைந்துவிடப் போகிறது?

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். கடிதத்தின் கடைசியில் ஒதுக்கி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் பெரிய பாரமாகத் தெரிகிறது. உடம்புக் களைப்பு தூங்கினால் தீரும். 11 வருடம் கேட்டும் கிடைக்காத களைப்பு தூங்கி எழுந்தாலும் அங்கேயே இருக்கும். அதற்கு என்னிடம் மருந்து இல்லை. ஆனால் அது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் 69ஆம் சங்கீதத்தைத் திறந்து காட்டுங்கள். "நான் கூப்பிடுகிறதினால் இளைத்தேன், என் தொண்டை வறண்டுபோயிற்று." சங்கீதக்காரன் கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான் இளைத்திருக்கிறான். அந்த இளைப்பையே ஜெபமாக வேதத்தில் வைத்திருக்கிறார்கள். அதே வார்த்தைகளே வருகின்றன என்று கவலைப்படுகிறீர்கள். கெத்செமனேயில் இயேசு மூன்றாம் தரமும் "அந்த வார்த்தைகளையே சொல்லி" ஜெபித்தார் என்றுதான் மத்தேயு எழுதுகிறார். அவருக்கும் அன்றைக்குப் புது வார்த்தை வரவில்லை. உங்களுக்கும் வர வேண்டாம். தம்பியின் பெயரை மட்டும் சொல்லுங்கள். அதுவும் முடியாத அன்று பெருமூச்சு விட்டாலே போதும்.

யாத்திராகமம் 17இல் யுத்தம் நடக்கும்போது மோசே கையை உயர்த்தி நின்ற கதை நமக்கெல்லாம் மனப்பாடம். கை அசர்ந்துபோனபோது கூட இருந்தவர்கள் முதலில் செய்ததை மட்டும் மறந்துவிடுகிறோம். ஒரு கல்லைக் கொண்டுவந்து போட்டு அவரை உட்காரவைத்தார்கள். அதற்குப் பிறகுதான் ஆரோனும் ஊர் என்பவரும் ஆளுக்கொரு பக்கம் கையைத் தாங்கினார்கள். நில்லுங்கள், இன்னும் உறுதியாக நில்லுங்கள் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

அதனால் இந்த வாரமே பாஸ்டரிடமோ, ஜெபக்குழுவை நடத்துகிற அக்காவிடமோ போய், மாமியாரைப் பார்க்கிற வரைக்கும் எனக்கு 3 மணி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காரணம் கேட்டால் இரண்டு மணி நேரக் கணக்கைச் சொல்லுங்கள். ராத்திரி மாமியாரைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது, அவர்கள் முதுகில் கை வைத்து, மனதுக்குள் ஒரு வரி சொன்னால் சரி. வீட்டுக்காரருக்குப் பகல் ஷிஃப்ட் இருக்கும் வாரத்தில் ஒரு இரவாவது அவரை எழுந்திருக்கச் சொல்லுங்கள். அதைக் கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

தம்பியின் பெயரை எனக்கு எழுதி அனுப்புங்கள். இங்கே வெளியிட மாட்டேன். எனக்கு 68 வயது, விடியற்காலை 3 மணிக்கெல்லாம் தானாகவே விழிப்பு வந்துவிடுகிறது. வெள்ளிக்கிழமை அந்த ஒரு மணி நேரம் அவனுக்காக நான் உட்கார்ந்துகொள்கிறேன். நீங்கள் தூங்குங்கள்.